பகல் இரண்டு மணிக்குப் பூட்டிக் கிடந்த வீடுகள்

ஓய்வு பெற்ற ஆளிடம் அனுபவம் கேட்க வருகிறவர்கள் நல்லதை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். போன மாதம் என் வீட்டுக்கு வந்த இரண்டு பொறியாளர் பிள்ளைகளும் அப்படித்தான். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்கிறார்கள், வேலைக்கு வருகிற ஜனங்களுக்கு அக்கம்பக்கத்தில் யாராவது அடுக்குமாடி கட்டத்தானே வேண்டும், அப்போது கட்டடத்துக்கு வெளியே கோடை வெக்கையைச் சமாளிக்க என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். காப்பி கொடுத்தேன், மரம் வையுங்கள் என்றேன், போய்விட்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்துவிட்டது. மரம் வை என்று சொல்வதற்கு முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் எதற்கு? தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளே அதைச் சொல்லிவிடும். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். என்னால் ஒரு பூக்கட்டும் அம்மாவின் வீடு பறிபோக இருந்தது. எப்படிப் பறிபோகாமல் நின்றது என்பதுதான் கதை.

என் பெயர் எஸ்தர். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, வீடு கட்டிக் கொடுக்கிற ஒரு அரசுத் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்தேன். திருச்சுழிப் பக்கம் செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி ஓசை கேட்கக் கற்றுக்கொண்டது, கான்கிரீட் கனசதுரத்தை நனைத்து வைத்து நசுக்கிப் பார்த்தது, வெயிலில் குடை பிடித்தால் மேஸ்திரிகள் சிரிப்பார்கள் என்று குடையை மூலையில் போட்டது எல்லாம் முதல் ஐந்து வருஷத்துச் சங்கதி. முதல் வாரம் சிரிப்பார்கள், இரண்டாம் வாரம் முறைப்பார்கள், மூன்றாம் வாரம் "ஏலே, ஓவர்சியரம்மா வாராக, கலவையை ஒழுங்காப் போடு" என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் என்னைக் காப்பாற்றியது, அந்த வாய்தான் மாட்டியும் விட்டது.

எங்கள் பக்கம் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். கட்டடத்துக்குப் பக்கத்தில் மரம் நின்றால் வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், மண் சுருங்கும், சுவரில் கீறல் விழும். ஆகையால் சுவரோரம் மரம் என்றாலே எங்களுக்கு ஆகாது. வாத்தியார் சொல்லிக் கொடுத்ததில்லை இது, கீறல் விழுந்த சுவர்கள் சொல்லிக் கொடுத்தது.

பாளையம்பட்டியைத் தாண்டி ஒரு குடியிருப்பு கட்டினோம். ஓடைக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு. ஐப்பசி மழையில் ஓடை பெருகி வந்து சட்டிபானை முதல் பள்ளிக்கூடப் பை வரை வாரிக்கொண்டு போகும் இடம் அது. தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாக நான்கு கட்டடங்கள். எல்லாருக்கும் கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கொடுத்தோம். கட்டடங்கள் தெற்கு வடக்காக நீண்டன, சாயங்கால வெயில் முழுக்க மேற்குச் சுவரில் விழுந்தது. முதல் மழைக்கு முற்றத்துக் கரிசல் சேறாகிவிட்டது. வேலை நடக்கும்போதே வீடு பார்க்க வந்த ஜனங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "செருப்பு கழண்டு மண்ணுக்குள்ளயே போயிருதும்மா, கல்லைப் பதிச்சு விடுங்க" என்றார்கள். நியாயம்தானே? மதிலிலிருந்து மதில் வரை ஓரடி மண் தெரியாமல் சிமென்ட் கல் பதித்துவிட்டேன். சுவருக்கு ஆகாது என்று அங்கே நின்ற மூன்று வேம்பையும் வெட்டினேன். ஆறடிக்கு ஓட்டையில்லாத மதில். திறப்பு விழா அன்று துடைத்து விட்ட தாம்பாளம் மாதிரி இருந்தது முற்றம். படம் எடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளுக்கு அனுப்பினேன். அவ்வளவு பெருமை!

வீடு கொடுத்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை ஆய்வு உண்டு. சில பேர் வீட்டை வாங்கிக்கொண்டு பூட்டிப் போட்டுவிட்டு வேறிடத்தில் இருப்பார்கள். வீடில்லாமல் காத்திருக்கிறவர்களோ ஏராளம். அதற்காகத்தான் அந்த ஆய்வு. குறை சொல்ல முடியாது. வீட்டு எண், பெயர், கரண்ட் மீட்டர் அளவு, பக்கத்து வீட்டார் வாக்குமூலம், கடைசியில் இரண்டு கட்டங்கள்: குடியிருக்கிறார், பூட்டியிருக்கிறது. மூன்று தடவை போக வேண்டும். மூன்று தடவையும் பூட்டு என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டி, ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம் என்று மதுரையில் இருக்கும் மேல் ஆபீசுக்கு எழுத வேண்டும்.

சித்திரை மாதம். எங்கள் பிரிவு ஜீப் எனக்குக் கிடைத்தது பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான். மூன்று நாளும் அந்த நேரத்தில் போனேன். கடைசியில் இருந்த கட்டடத்தில் மட்டும் பதினான்கு வீடு பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால் பக்கத்து வீடும் பூட்டு. மீட்டர் கொஞ்சமாகத்தான் ஓடியிருந்தது. முற்றத்தில் ஈ காக்கை இல்லை. செருப்பைத் தாண்டி உள்ளங்கால் சுட்டது. எப்போதடா ஜீப்பில் ஏறுவோம் என்றிருந்தது எனக்கு. பதினான்குக்கும் "பூட்டியிருக்கிறது" என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தாள். பேச்சியம்மாள், மூன்றாவது மாடி. நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, நர்சிங் படிக்கிற மகள் ஒருத்தி. மல்லிகைப் பூக் கட்டித்தான் பிழைப்பு. முந்தின ஐப்பசியில் குடிசையை ஓடைக்குக் கொடுத்தவள்.

"யம்மா, நீங்க வந்தப்ப நான் வீட்டுல இல்ல, வாஸ்தவந்தேன். அதுக்காகக் குடியே இல்லைன்னு எழுதிருவீகளா?"

"மூணு தடவை வந்தேன், மூணு தடவையும் பூட்டு. நான் என்ன ஜோசியமா பாக்கிறது, நீ எங்க போனேன்னு?" என்று கத்தினேன். ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"ஓடைக்கரைக்குப் போனேன். புளிய மரத்தடியில உக்காந்து பூக் கட்டிட்டுப் பொழுசாயத்தேன் வருவேன். வேற எங்க போக? உச்சி வெயில்ல அந்த வீட்டுக்குள்ள ஒரு நா இருந்து பாருங்க. சொவரு பூராம் அனலு. ஃபேனைப் போட்டா வெக்கக் காத்துதேன் வருது, மொட்டெல்லாம் விரிஞ்சு வாய் பொளந்துருது. வெளியில எறங்குனா கல்லு தோசைக்கல்லாக் கெடக்கு. பூவை எங்க வச்சுக் கட்டச் சொல்றீக, எந் தலையிலயா?"

அந்தக் கல்லைப் பதித்ததே நான்தானே, இன்னும் கோபம் வந்தது. "எழுதிக் குடுத்துட்டுப் போ, பாப்போம்" என்றேன்.

அடுத்த மேசையில் முபாரக் சார் உட்கார்ந்திருந்தார். எங்கள் உதவி செயற்பொறியாளர், வீரசோழன் ஊர்க்காரர். என்னைவிட இருபது வயது இளையவர், ஆனால் எனக்கு மேலதிகாரி. ஆபீசில் என்னை மேடம் என்பார், சைட்டிலும் தனியாக இருக்கும்போதும் அக்கா என்பார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு: சத்தம் போடமாட்டார், திட்டமாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டுகிற அதிகாரிகள் ஏழெட்டுப் பேரைச் சமாளித்தவள் நான். இவரைச் சமாளிக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை மணிக்குப் போனீங்க மேடம்?"

"பகல்லதான் சார். ஆபீஸ் நேரம்."

"மூணு தடவையுமா?"

"ஆமா சார்."

"சரி" என்றார். அவ்வளவுதான். அந்தச் சரி எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவிடவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு என் மகனை ஸ்கூட்டரில் குடியிருப்புக்குக் கொண்டுபோய் விடச் சொன்னேன். என்ன கூட்டம் அங்கே! வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளிப்பு, குழாயடியில் குடச் சத்தம், பூட்டு என்று நான் டிக் அடித்த வீடுகளில் குக்கர் விசில். ஒன்பது மணிக்குப் பூச்சாக்கு வந்து இறங்கியது. பேச்சியம்மாள் அதை ஈரத்துணியில் பொதிந்து தலையில் வைத்தாள், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள், வீட்டைப் பூட்டினாள், நடந்தாள். அவள் பின்னால் இன்னும் பத்து வீட்டுப் பெண்கள். பதினான்கில் மூன்று வீடுதான் நிஜமாகவே ஆளில்லாத வீடு. மீதிப் பதினொன்றும் வெக்கைக்குப் பயந்து பகலில் பூட்டுகிற வீடுகள். நான் போன நேரம் அப்படி.

என் கோப்பு மதுரைக்குப் போய்விட்டது. அதை நிறுத்த வேண்டுமென்றால், நான் செய்த ஆய்வு சரியில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், பென்ஷன் கோப்பு எங்கேயாவது சிக்கிக்கொள்ளும். பயந்தேன், மறைக்கவில்லை. முபாரக் சாரிடம் போய், "நீங்களே மேலிடத்தில ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திடுங்களேன் சார்" என்று கேட்டேன்.

"நான் எழுதலாம் அக்கா. ஆனா நான் எழுதுனா அது உங்க மேல புகார். நீங்க எழுதுனா அது ரிப்போர்ட்டு" என்றார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

எழுதினேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், விளக்கம் கேட்டுக் கடிதம் வரத்தான் செய்தது. பென்ஷனும் இப்போது ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு எனக்காக அவரே எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு என்றைக்கும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அந்த மனுஷனுக்கு நான் கடன்பட்டவள்.

"வீடு பூட்டு ஏன்னு காட்டணும் அக்கா, சொன்னா பத்தாது" என்றார் அவர். மதுரையில் ஆய்வகச் சாமான் கடையிலிருந்து மூன்று வெப்பமானிகள் வாங்கி வந்தார். ஒன்று சும்மா. இன்னொன்றின் குமிழில் நனைத்த மல்துணி சுற்றினார். மூன்றாவதன் குமிழை ஒரு டேபிள் டென்னிஸ் பந்துக்குள் நுழைத்து, பந்துக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தார். காற்று எவ்வளவு சுடுகிறது, வேர்வை காயுமா, சுற்றியிருக்கிற சுவரும் தரையும் உடம்பின் மேல் எவ்வளவு அனலை வீசுகின்றன என்று மூன்றும் சேர்ந்து சொல்லுமாம். புத்தகத்தில் இதை நெஞ்சு உயரத்தில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறது. இவர் தரையிலிருந்து ஒன்றரை அடியில் கட்டினார். ஏன் சார் என்றேன். "நம்ம ஆளுக நின்னுக்கிட்டா பூக் கட்டுறாக?" என்றார்.

நோன்புக் காலம் அது. தொண்டையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்த மனுஷன் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை முற்றத்தில் நின்றார். நான் மோர் குடிக்க மறைவாகப் போனால், "இங்கயே குடிங்க அக்கா, நானென்ன பிடுங்கவா போறேன்" என்று சிரிப்பார். அரைமணிக்கு ஒரு தரம் இடம் இடமாக அளவு, கூடவே ஒரு நோட்டில் எங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஆட்கள் கட்டத்தில் மூன்று நாளும் பூஜ்யம் பூஜ்யம் என்றே எழுதினேன்.

இரண்டாம் நாள்தான் ஒன்று உறைத்தது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சூரியன் மேற்கே சாயும்போது, கட்டடத்தின் கிழக்கே, வாசல் பக்கத்து முற்றத்தில், இருபதடிக்குக் குறையாமல் நிழல் விழுகிறது! நாற்பதடி உயரக் கட்டடம் கொடுக்கிற நிழல், எந்த மரமும் வேண்டாம். ஆனால் காலை முழுக்க வெயில் குடித்த கல் நிழல் வந்த பிறகும் அனலைக் கக்கியது, காற்று வர மதில் விடவில்லை. அந்த நிழலில் ஒரே ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் நடுவில் இல்லை, குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு கல் பெயர்ந்து ஈரமண் தெரிந்த இடத்தில், உடம்பைக் குறுக்கிக்கொண்டு. முபாரக் சார் சத்தம் காட்டாமல் போய், நாய்க்குத் தலைமாட்டில் கருப்புப் பந்தைத் தொங்கவிட்டார். காத்திருந்து பார்த்தோம். நாலடி தள்ளிக் கல்லின் மேல் காட்டியதைவிடப் பாதரசம் நன்றாகவே இறங்கியது. நாய் ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிற்று. நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். நாய்க்குத் தெரிந்தது ஓவர்சியருக்குத் தெரியவில்லையே.

அளவுகளையும் நோட்டையும் மதுரைக்கு அனுப்பினோம். ரத்து உத்தரவைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாகவும், வைகாசிக் கடைசியில் பெரிய அதிகாரியே நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகவும் பதில் வந்தது. எங்களுக்கு ஒரு மாதம் இருந்தது. பராமரிப்பு வேலையில் சேர்த்துக் கிழக்கு முற்றத்துக் கல்லைப் பெயர்க்க ஆள் விட்டேன்.

தரைத்தளத்துச் சௌந்தரபாண்டி சண்டைக்கு வந்துவிட்டார். ரேஷன் கடையில் எடை போடுகிறவர், குரலும் எடையான குரல். "கேட்டு வாங்குன கல்லை நீங்களே பேக்குறீகளா? மழை பேஞ்சா சேத்துல யாரு நடக்குறது? பாம்பு வந்து படுத்தா நீங்களா வந்து அடிப்பீக?"

மாடியிலிருந்து பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இந்தக் கல்லு மேல பாம்பு வந்து படுத்துச்சுன்னா நீங்க அடிக்க வேணாம், அதுவே வெந்துரும்!" கைப்பிடிச் சுவரில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சௌந்தரபாண்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் சேறு விஷயத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே கரிசலை இரண்டடிக்குத் தோண்டி எடுத்துவிட்டு, கீழே சரளை, மேலே செம்மண், அதற்கு மேல் மணல் போட்டோம். சுவரை ஒட்டி மூன்றடிக்கு மட்டும் சிமென்ட் கல்லை அப்படியே விட்டோம், முற்றத்தில் தெளிக்கிற தண்ணீர் அஸ்திவாரத்துக்குப் போய்விடக் கூடாதே. தெற்கு மதிலில் தரையிலிருந்து மூன்றடி வரை ஒன்றுவிட்டு ஒன்று செங்கல்லை உருவி இடைவெளி விட்டோம். காற்று அந்தக் கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் ஓடி வந்தது. தெற்கே காற்றை மறித்து நின்ற, வண்டி நிறுத்தும் தகரக் கொட்டகையை வடக்கே தள்ளினோம். சுவரிலிருந்து இருபத்தைந்தடி தள்ளிப் புங்கங்கன்றுகளும் நட்டோம். அவை அப்போது என் முழங்கால் உயரம், அந்த வருஷத்துக்கு அவற்றால் எந்த உதவியும் இல்லை.

அதிகாரி வருகிற நாளைக்கு முதல் நாளே பேச்சியம்மாளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "நாளைக்கு ரெண்டு மணிக்கு வாராக. வீட்டுல இரு. எங்கயும் போயிராத. பூட்டைப் பாத்தாகன்னா அம்புட்டுத்தான், வீடு போயிரும்." "இருக்கேன்மா, இருக்கேன்" என்றாள்.

கார் வந்து நின்றது. அதிகாரி சிரிக்காத முகம், கையில் என்னுடைய பழைய ஆய்வுப் படிவங்கள். வந்ததும் வராததுமாக, "முதல்ல அந்த மூணாவது மாடி" என்று மேற்கே இருந்த படிவழி ஏறினார், முற்றத்துப் பக்கம் யாரும் திரும்பவில்லை. பின்னால் முபாரக் சார், அவர் பின்னால் மூச்சிரைக்க நான். மேலே போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. பெரிய பித்தளைப் பூட்டு.

"என்ன மேடம்? முதல்ல எழுதினதுதானே சரி?" என்றார் அவர்.

அடிப்பாவி, ஓடைக்கரைக்குப் போய்விட்டாளே, சொல்லியும் கேட்கவில்லையே என்று மனதுக்குள் திட்டினேன். அவள் மகள் புத்தகப் பையோடு மறுபடி ஓடைக்கரைக்கே திரும்புவது கண்ணில் வந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே பார்த்த முபாரக் சார், கையால் என்னைக் கூப்பிட்டார்.

கீழே நிழல். தண்ணீர் தெளித்த செம்மண்ணில் பாய்கள். இருபது பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பேச்சியம்மாள், இடுப்பில் சாவி.

இறங்கிப் போனோம். "நீங்கதான் பேச்சியம்மாளா? வீட்ல இருக்கச் சொல்லியிருந்தாங்களே?" என்றார் அதிகாரி.

அவள் எழுந்து நின்றாள், கையிலிருந்த சரத்தை விடவில்லை. "வீட்டுலதேன் சார் இருக்கேன்."

"வீடு மேல பூட்டியிருக்கு."

"அது ராத்திரி படுக்குற எடம் சார். பகலுக்கு இதுதேன் வீடு. இப்பெல்லாம் ஓடைக்கரைக்கு நாங்க யாரும் போறதே இல்ல. நீங்க உக்காருங்க, மாடி ஏறி எறங்குனதுல சட்டை பூராம் நனைஞ்சு போச்சு." பாயின் ஓரத்தில் கிடந்த பூவை ஒதுக்கி இடம் விட்டாள்.

அதிகாரி எங்கள் இருவரையும் பார்த்தார். குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார், வெறுங்காலை மணலில் வைத்தார். வைத்தவர் அப்படியே சம்மணம் போட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டார். தெற்கேயிருந்து காற்று வந்து அவர் கையிலிருந்த தாள்களைப் படபடவென்று அடித்தது. அவற்றை முழங்காலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, என் டிக்கின் மேல் கோடு இழுத்து அடித்துவிட்டு, "குடியிருக்கிறார்" என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். ஒவ்வொரு வீட்டுக்காரியாகப் பெயர் கேட்டு, பதினொரு தாளிலும் போட்டார். பிறகும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் வந்து அடுத்த ஊர் ஆய்வை ஞாபகப்படுத்தினார், "இருப்பா, போகலாம்" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று முகத்தைத் திருப்பினேன். பேச்சியம்மாள் விடுவாளா?

"என்னம்மா, இதுக்குப் போயி அழுறீக? அன்னைக்கு ஆபீசுல எங்கிட்ட என்னா சத்தம் போட்டீக!" என்றாள். "வாங்க, நீங்களும் இப்படி உக்காருங்க. எடம் கெடக்கு."